பொத்தானிலிருந்து பின்னோக்கி: செயலில் முடியும் விற்பனை மின்னஞ்சல்

விற்பனை மின்னஞ்சல் என்பது, ஒரு நிறுவனம் தன்னிடம் முகவரி கொடுத்துச் சம்மதம் தெரிவித்தவர்களுக்கு, அவர்கள் குறிப்பிட்ட ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற நோக்கத்துடன் அனுப்பும் மடலாகும். பொருள் வாங்குதல், முன்பதிவு செய்தல், நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்தல், சந்தாவைப் புதுப்பித்தல் ஆகியவற்றில் எதுவாயினும், படித்தவர் அதைச் செய்து முடித்தாரா என்பதைக் கொண்டே மடலின் வெற்றி அளக்கப்படுகிறது. நடை நன்றாக அமைந்தும், படங்கள் கண்ணைக் கவர்ந்தும், எங்கே சொடுக்குவது, எவ்வளவு செலுத்துவது, எந்த நாளுக்குள் முடிப்பது என்பவை படித்தவருக்குத் தெளிவாகாமற்போனால், அம்மடலுக்குச் செலவிட்ட உழைப்பு வீணாகிறது.

பெரும்பாலோர் தலைப்பிலிருந்து எழுதத் தொடங்கி, வாழ்த்து, அறிமுகம், விவரம் என்று நீட்டி, கடைசியில் ஓர் இணைப்பை ஒட்டி அனுப்பிவிடுகின்றனர். இந்த அத்தியாயம் அதற்கு நேரெதிரான வரிசையைப் பரிந்துரைக்கிறது. முதலில் செயல், அடுத்து அச்செயல் நடைபெறும் பக்கம், பின்னர் அங்கே அழைத்துச் செல்லும் பொத்தான், அதன்பின் உடற்பகுதி, எல்லாவற்றுக்கும் கடைசியில் தலைப்பாகிய பொருள் வரி என்பதே அவ்வரிசை. தலைப்பு ஒரு வாக்குறுதியை அளிக்கிறது, மடலும் பக்கமும் அதை நிறைவேற்றுகின்றன. நிறைவேற்றப் போவது எது என்று முடிவாகும் முன் வாக்குறுதியை எழுதினால், அது பெரும்பாலும் மிகைப்பட்டோ மங்கலாகவோ அமைந்துவிடுகிறது.

அத்தியாயம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டு பயன்படுத்தப்படுகிறது. சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி ஜனவரியில் ஒரு நாவலை வெளியிடவிருக்கும் சிறு பதிப்பகம், முன்வெளியீட்டுத் திட்டத்தில் அதற்கு முன்பதிவு கோருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். விலையும் தேதிகளும் விளக்கத்திற்காகக் கற்பனையாகக் கொடுக்கப்பட்டவை.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

1. ஒப்புதல் பெற்ற பட்டியல். வாங்கியவர்கள், படிவம் நிரப்பியவர்கள், கடையின் பதிவேட்டில் மடல் பெற விரும்புவதாகக் குறித்தவர்கள் ஆகியோரின் முகவரிகள் மட்டுமே இதில் இடம்பெறலாம். யார், எப்போது, எவ்வழியாகச் சம்மதித்தார் என்பதும் அருகிலேயே குறிக்கப்பட வேண்டும்.

2. நிறுவனத்தின் சொந்த டொமைனில் அமைந்த முகவரி. இலவச ஜிமெயில் முகவரியிலிருந்து ஆயிரக்கணக்கானோருக்கு மடல் அனுப்புவது நம்பகத்தைக் குறைப்பதோடு, கணக்கு முடக்கப்படவும் இடமளிக்கிறது.

3. மொத்த மடல் அனுப்பும் சேவை. ஜோஹோ கேம்பெய்ன்ஸ், மெயில்சிம்ப், பிரெவோ போன்றவை பட்டியலைப் பராமரித்தல், விலகல் கோரிக்கைகளைப் பதிவு செய்தல், சொடுக்குகளை எண்ணுதல் ஆகியவற்றைத் தாமே கவனித்துக்கொள்கின்றன.

4. யூனிகோடில் தட்டச்சு செய்யும் வசதி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து ஒட்டப்பட்ட தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கருவியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே தெரியும். அச்சுக்குத் தயாரித்த கோப்பிலிருந்து பகுதிகளை எடுப்பவர், முதலில் அவற்றை எழுத்துரு மாற்றியின் மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவருவது கட்டாயம்.

இவற்றுடன், டொமைனை அமைத்துத் தருபவரிடம் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். முதலாவது, அந்த டொமைனின் பெயரில் மடல் அனுப்ப எந்தச் சேவையகங்களுக்கு அனுமதி உண்டு என்று அறிவிக்கிறது. இரண்டாவது, வழியில் மடல் திருத்தப்படவில்லை என்பதற்கான மின்முத்திரையை இடுகிறது. மூன்றாவது, இச்சோதனைகளில் தவறும் மடலை என்ன செய்வது என்று பெறும் பக்கத்திற்குத் தெரிவிக்கிறது. நாளொன்றுக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000க்கு மேல் மடல் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கூகுள் 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கியுள்ளது. குறைவாக அனுப்புவோருக்கும் இவை பயன் தருவனவே.

படி 1: ஒரே செயலைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு வெற்றுத்தாளில், "இம்மடலைப் படித்தவர் ______ செய்வார்" என்ற வாக்கியத்தை எழுதி, இடைவெளியை ஒரே வினையால் நிரப்ப வேண்டும். "நாவலை ரூ.350க்கு முன்பதிவு செய்வார்" என்பது சரியான நிரப்பல். "நாவலைப் பற்றி அறிந்து, முகநூல் பக்கத்தைப் பின்தொடர்ந்து, முடிந்தால் முன்பதிவும் செய்வார்" என்பது மூன்று மடல்களுக்குரிய வேலை. பல இணைப்புகள் கொடுக்கப்படும்போது, படிப்பவர் செலவில்லாத எளிய ஒன்றைச் சொடுக்கிவிட்டு, கடமை முடிந்ததாக மடலை மூடிவிட வாய்ப்புண்டு.

அதே தாளில், அச்செயலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஐயங்களையும் வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். முன்பதிவைப் பொறுத்தவரை, புத்தகம் எப்போது கைக்கு வரும், அஞ்சல் செலவு உண்டா, எவ்வழியில் பணம் கட்டலாம், வெளியீடு தள்ளிப்போனால் பணம் திரும்புமா என்பவை அத்தகையவை. மடலின் உடற்பகுதி பெரும்பாலும் இந்த ஐயங்களுக்கான விடையாகவே அமையும்.

படி 2: சேரும் பக்கத்தை முதலில் ஆயத்தம் செய்தல்

பொத்தானைச் சொடுக்கியவர் சென்றடையும் இணையப் பக்கம் இங்கே சேரும் பக்கம் எனப்படுகிறது. பதிப்பகத்தின் முகப்புப் பக்கத்திற்கு அனுப்பினால், அங்குள்ள பல நூல்களுக்கிடையில் உரியதைத் தேடும் வேலை வாசகர் தலையில் விழுகிறது. ஆகவே அந்நூலுக்குரிய பக்கத்திற்கே நேராக அனுப்ப வேண்டும்.

1. மடலில் உள்ள நூற்பெயர், விலை, இறுதி நாள் ஆகிய மூன்றும் பக்கத்தின் மேற்பகுதியில் அப்படியே இடம்பெற வேண்டும்.
2. படிவத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகிய தேவையானவற்றைத் தவிர வேறெதையும் கேட்கக்கூடாது.
3. கைபேசியில் திறந்து, சிறு தொகைக்குச் சோதனைப் பரிமாற்றம் ஒன்றை உண்மையாகவே செய்து, ஒப்புகை மடல் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

படி 3: பொத்தானின் சொற்கள்

செய்ய வேண்டியதை நேரடியாகக் கூறும் சொற்றொடர் செயலழைப்பு எனப்படும்; அது பொதுவாகப் பொத்தான் வடிவில் அமைகிறது. "இங்கே சொடுக்கவும்", "மேலும் அறிய" போன்ற சொற்கள், சொடுக்கினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்வதில்லை. "ரூ.350க்கு முன்பதிவு செய்க" என்பது செயலையும் தொகையையும் ஒருங்கே சொல்வதால், விலையைக் கண்டு பின்வாங்கக் கூடியவர் மடலிலேயே நின்றுவிடுகிறார், பக்கத்துக்கு வருபவர் ஏற்கெனவே மனம் ஒப்பியவராக இருக்கிறார்.

பொத்தானைப் படமாகச் செருகாமல், நிறப் பின்னணி கொண்ட எழுத்தாகவே அமைக்க வேண்டும். விரல் நுனி பட ஏதுவாக அது குறைந்தது 44 புள்ளி உயரம் இருக்க வேண்டும் என்று ஆப்பிளின் வடிவமைப்பு நெறிகள் கூறுகின்றன. மடல் நீளமானால் அதே பொத்தானை, சொற்களை மாற்றாமல், இறுதியிலும் ஒருமுறை வைக்கலாம்.

படி 4: உடற்பகுதியை எழுதுதல்

1. முதல் பத்தியில் பொருள், பயன், விலை, இறுதி நாள் ஆகியவை அடங்க வேண்டும். வாசகர் இரண்டாம் பத்திக்கு வராமலேயே முடிவெடுக்க இயன்றால் அது நன்மையே.
2. அதை அடுத்து உடனே பொத்தான் இடம்பெற வேண்டும்.
3. பொத்தானுக்குக் கீழே, படி 1இல் பட்டியலிட்ட ஐயங்களுக்கு, ஒன்றுக்கு ஒரு வாக்கியம் வீதம் விடை தர வேண்டும்.
4. இறுதியில் நிறுவனத்தின் முழு அஞ்சல் முகவரியும், விலகல் இணைப்பும் இடம்பெற வேண்டும். விலகல் இணைப்பு என்பது, இனி மடல் வேண்டாம் என்று தெரிவிக்கும் வழியாகும்.

*குறிப்பு:* அட்டைப்படம் சேர்ப்பதில் தவறில்லை. எனினும் செய்தி முழுவதையும் சுவரொட்டி போல ஒரே படமாக்கி அனுப்பக்கூடாது. படங்கள் திறவாத அஞ்சற்பெட்டியில் அத்தகைய மடல் வெறும் கட்டமாகத் தெரிவதோடு, பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பானாலும் அதைப் படிக்க இயலாது. ஒவ்வொரு படத்துக்கும் மாற்றுரை, அதாவது படம் தெரியாதபோது அதனிடத்தில் காட்டப்படும் ஒருவரி விளக்கம், கொடுக்கப்பட வேண்டும்.

மடலின் நீளத்திற்குத் தொழில்நுட்ப எல்லையும் உண்டு. 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலை ஜிமெயில் இடையில் துண்டித்து, எஞ்சியதைத் தனி இணைப்புக்குள் மறைத்துவிடுகிறது. யூனிகோடின் பரவலான வடிவமாகிய யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகள் எடுப்பதால், ஆங்கில மடலைவிடத் தமிழ் மடல் இந்த எல்லையை விரைவில் தொடும். துண்டிக்கப்படும்போது முதலில் மறைவது அடியிலுள்ள விலகல் இணைப்பே என்பதால், வாசகர் அதைக் காணாமல் மடலை ஸ்பேம் என்று புகாரளிக்க நேரிடலாம்.

படி 5: பொருள் வரி, முன்தோற்ற வரி, அனுப்புநர் பெயர்

அஞ்சற்பெட்டியில் மடலைத் திறக்கும் முன்பே மூன்று செய்திகள் தெரிகின்றன: அனுப்புநர் பெயர், பேச்சு வழக்கில் சப்ஜெக்ட் எனப்படும் பொருள் வரி, அதன் கீழே அல்லது அருகே மங்கலாகத் தெரியும் முன்தோற்ற வரி. இம்மூன்றும் ஒன்றையொன்று நிரப்புவனவாக அமைய வேண்டும்.

கைபேசித் திரையில் பொருள் வரியின் முற்பகுதி மட்டுமே தெரியும். தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் வருவதால், நீண்ட வரி துண்டிக்கப்படும்போது செயலைச் சொல்லும் சொல்லே காணாமற்போகிறது. "எமது பதிப்பகத்தின் புதிய நாவலைச் சிறப்பு விலையில் டிசம்பர் 20 வரை முன்பதிவு செய்யலாம்" என்ற வரியில், "எமது பதிப்பகத்தின் புதிய நாவலைச்" என்பதுடன் திரை முடிந்துவிடலாம். "ரூ.350க்கு முன்பதிவு, டிசம்பர் 20 வரை" என்று பெயர்ச்சொல்லில் நிறுத்தி, முக்கியமானதை முன்னே கொண்டுவந்தால் இச்சிக்கல் எழாது. அனுப்பும் சேவை காட்டும் எழுத்தெண்ணிக்கையையும் முழுமையாக நம்பக்கூடாது; "கொ" என்ற ஓரெழுத்து யூனிகோடில் இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுவதால், கணக்கு கண்ணுக்குத் தெரிவதைவிடக் கூடுதலாகவே காட்டும்.

முன்தோற்ற வரியைத் தனியே எழுதாவிட்டால், மடலின் தொடக்கத்தில் உள்ள "இம்மடல் சரியாகத் தெரியவில்லையா?" போன்ற வரியை மென்பொருள் எடுத்து அங்கே காட்டிவிடும். அனுப்புநர் பெயராக வாசகர் முன்பே அறிந்த பதிப்பகப் பெயரே இருக்க வேண்டும். அது மடலுக்கு மடல் மாறக்கூடாது.

ஒரு மடலின் இரு வடிவங்கள்

முதல் வடிவம்:

> *பொருள்:* இலக்கிய ஆர்வலர்களுக்கு ஒரு மகிழ்ச்சியான அறிவிப்பு!!!
>
> எமது பதிப்பகம் தமிழ் இலக்கிய உலகில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றிருப்பதை யாவரும் அறிவர். அவ்வகையில் வரும் புத்தகக் காட்சியை முன்னிட்டுப் புதிய நாவல் ஒன்றை வெளியிடுவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். குறுகிய காலத்திற்கு மட்டும் சிறப்புத் தள்ளுபடி உண்டு. மேலும் விவரங்களுக்கு எமது இணையதளத்தையும் முகநூல் பக்கத்தையும் காணவும். வாட்ஸ்அப் குழுவிலும் இணையலாம்.

இம்மடலில் விலை இல்லை, நாள் இல்லை, நாவல் எதைப் பற்றியது என்பதும் இல்லை. முதல் வாக்கியம் பதிப்பகத்தைப் பற்றிப் பேசுகிறதேயன்றி வாசகருக்கு எதையும் தெரிவிப்பதில்லை. மூன்று திசைகளில் வழி காட்டப்படுவதால், முன்பதிவு எங்கே நடைபெறுகிறது என்பதை வாசகரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

திருத்திய வடிவம்:

> *பொருள்:* ரூ.350க்கு முன்பதிவு, டிசம்பர் 20 வரை
>
> *முன்தோற்றம்:* 400 பக்க நாவல். அட்டை விலை ரூ.500. அஞ்சல் செலவு இல்லை.
>
> வணக்கம்.
>
> தஞ்சைப் பகுதியின் அரிசி ஆலை ஒன்றில் மூன்று தலைமுறையாக வேலை பார்த்த குடும்பத்தின் கதையைச் சொல்லும் 400 பக்க நாவல் ஜனவரியில் வெளிவருகிறது. அட்டை விலை ரூ.500. டிசம்பர் 20ஆம் தேதிக்குள் முன்பதிவு செய்பவர்களுக்கு ரூ.350.
>
> [ ரூ.350க்கு முன்பதிவு செய்க ]
>
> புத்தகம் ஜனவரி முதல் வாரத்தில் அனுப்பப்படும். இந்தியாவுக்குள் அஞ்சல் செலவைப் பதிப்பகமே ஏற்கிறது. யுபிஐ, அட்டை, வங்கிப் பரிமாற்றம் ஆகிய மூன்று வழிகளிலும் பணம் செலுத்தலாம். ஜனவரி 31க்குள் புத்தகத்தை அனுப்ப இயலாவிட்டால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும். முதல் அத்தியாயத்தை முன்பதிவுப் பக்கத்திலேயே படித்துப் பார்க்கலாம்.

இங்கே "வந்து சேரும்" என்று எழுதாமல் "அனுப்பப்படும்" என்று எழுதப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. அனுப்புவது பதிப்பகத்தின் கையில் உள்ளது. சேர்ப்பது அஞ்சல் துறையின் கையில் உள்ளது. அனுப்புநர் தம்மால் காப்பாற்ற முடிந்த வாக்கை மட்டுமே மடலில் தர வேண்டும். முதல் அத்தியாயத்துக்குத் தனி இணைப்பு கொடுக்கப்படாமல், அது முன்பதிவுப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருப்பதும் ஒரே செயல் என்ற விதியைக் காப்பதற்காகவே.

படி 6: அனுப்புதல், நினைவூட்டுதல், அளவிடுதல்

1. முதலில் தமக்கும், மடலை இதுவரை பார்க்காத ஒருவருக்கும் சோதனை மடல் அனுப்பி, ஆண்ட்ராய்டு, ஐபோன், கணினி ஆகிய மூன்றிலும் திறந்து பார்க்க வேண்டும்.
2. பட்டியல் பெரிதாக இருந்தால், ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் முதலில் அனுப்பி, இணைப்பு, விலை, படிவம் ஆகியவற்றில் புகார் எழவில்லை என்று உறுதி செய்தபின் ஏனையோருக்கு அனுப்புவது பாதுகாப்பானது.
3. இறுதி நாளுக்கு முந்தைய நாள் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். முன்பதிவு செய்து முடித்தவர்களை அதற்கு முன் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும், பணம் கட்டியவருக்கே மீண்டும் "மறந்துவிட்டீர்களா?" என்று மடல் போனால், தம் பணம் சேரவில்லையோ என்ற கவலை அவருக்கு எழும்.
4. இறுதி நாள் கடந்தபின் அதே விலையை நீட்டிக்கக்கூடாது. ஒருமுறை நீட்டித்தால், அடுத்த மடலில் வரும் தேதியை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

பயனை அளக்கும்போது, எத்தனை பேர் திறந்தனர் என்ற எண்ணிக்கையைச் சார்ந்திருக்கக்கூடாது. ஆப்பிள் 2021இல் அறிமுகப்படுத்திய தனியுரிமை வசதி, வாசகர் மடலைத் திறக்காவிட்டாலும் அதிலுள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், திறக்கப்படாத மடலும் திறக்கப்பட்டதாகக் கணக்கில் சேர்கிறது. சொடுக்கியவர், படிவத்தைத் தொடங்கியவர், பணம் செலுத்தியவர் ஆகிய மூன்று எண்ணிக்கைகளே பிழை இருக்கும் இடத்தைக் காட்டும். சொடுக்கியவர் குறைவானால் மடலையும், சொடுக்கியும் செலுத்தாதவர் மிகுதியானால் சேரும் பக்கத்தையும் திருத்த வேண்டும்.

அடிக்கடி நேரும் பிழைகள்

1. பெயர் நிரப்பும் குறியீடு காலியாகிவிடுதல். "அன்புள்ள ,  அவர்களுக்கு" என்று செல்லும் மடலைவிட, பெயரின்றி "வணக்கம்" என்று தொடங்கும் மடல் மேலானது.
2. "இன்றே கடைசி" என்று பொய்யான அவசரத்தை உண்டாக்குதல்.
3. "பதில்:" என்ற சொல்லைப் பொருள் வரியின் தொடக்கத்தில் இட்டு, ஏற்கெனவே நடந்த உரையாடல் போலத் தோன்றச் செய்தல்.
4. பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து அனுப்புதல். ஐயம் எழுந்த வாசகர் கேட்க வழியின்றி விலகிவிடுவார்.
5. மாதக்கணக்கில் மௌனமாக இருந்துவிட்டு, விற்பனைக்கு மட்டும் திடீரென எழுதுதல். முகவரி கொடுத்ததையே மறந்துவிட்ட வாசகர் அதை ஸ்பேம் எனக் குறிப்பார்.

பாதுகாப்பும் சட்டமும்

*முகவரிக் கசிவு:* சாதாரண மின்னஞ்சலில் எல்லா முகவரிகளையும் பெறுநர் கட்டத்தில் இட்டு அனுப்பினால், ஒவ்வொருவர் முகவரியும் மற்ற அனைவருக்கும் தெரிந்துவிடும். அனுப்பியதைத் திரும்பப் பெறவும் இயலாது. மொத்த மடல்களுக்குத் தனிச் சேவையைப் பயன்படுத்துவதே இதற்கான காப்பு.

*மோசடி மடலின் சாயல்:* பணம் கேட்கும் எந்த மடலையும் வாசகர் ஐயத்துடன் பார்ப்பது இயல்பு. சுருக்கப்பட்ட இணைப்புகளைத் தவிர்த்து, நிறுவனத்தின் சொந்த டொமைன் தெரியும் இணைப்பையே தர வேண்டும். மடலில் கோப்புகளை இணைக்கக்கூடாது. ஓடிபி, யுபிஐ ரகசிய எண், அட்டை எண் ஆகியவற்றை மடல் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ ஒருபோதும் கேட்கக்கூடாது.

*விலைக்கு வாங்கிய பட்டியல்:* இதிலுள்ளவர்கள் சம்மதிக்காதவர்கள் என்பதால் ஸ்பேம் புகார் பெருகும். ஜிமெயிலில் இப்புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டாமல் இருக்க வேண்டும் என்றும், 0.1 சதவீதத்துக்குக் கீழ் இருப்பதே நல்லது என்றும் கூகுள் கூறுகிறது. அதாவது ஆயிரம் பேரில் மூவர் புகாரளித்தாலே, சம்மதித்த வாசகர்களுக்குச் செல்லும் மடல்களும் ஸ்பேம் பெட்டிக்குள் விழும் நிலை உருவாகலாம்.

*சட்டம்:* இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் தெளிவானதாகவும் குறிப்பிட்ட நோக்கத்திற்கானதாகவும் இருக்க வேண்டும் என்றும், அதை அளித்த அளவுக்கு எளிதாகவே திரும்பப் பெறவும் இயல வேண்டும் என்றும் விதிக்கிறது. தமிழ் நூல்களுக்கு வெளிநாடுகளிலும் வாசகர்கள் உள்ளதால் அந்நாடுகளின் விதிகளும் பொருந்தும். 2014 முதல் நடைமுறையில் உள்ள கனடாவின் ஸ்பேம் தடுப்புச் சட்டம் வணிக மடலுக்கு ஒப்புதலை வேண்டுகிறது. 2004 முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்கச் சட்டம், ஏமாற்றும் பொருள் வரியைத் தடுப்பதோடு, அஞ்சல் முகவரியையும் விலகும் வழியையும் கட்டாயமாக்குகிறது. இவ்விரு சட்டங்களும் விலகல் கோரிக்கையை 10 வேலை நாட்களுக்குள் நிறைவேற்றச் சொல்கின்றன. நடைமுறையில் அது உடனே தானாக நிறைவேறும்படி அமைத்துவிடுவதே சிறந்தது.

அனுப்பும் முன் சரிபார்க்க

1. மடல் கோரும் செயல் ஒன்றே ஒன்றுதான்.
2. பொருள் வரி, உடற்பகுதி, பொத்தான், சேரும் பக்கம் ஆகிய நான்கிலும் விலையும், தேதி குறிப்பிடப்படும் இடங்களில் தேதியும் ஒன்றுபோல உள்ளன.
3. படங்களை நிறுத்திவைத்துப் பார்த்தாலும் செய்தி முழுமையாகப் புரிகிறது.
4. விலகல் இணைப்பு வேலை செய்கிறது. அஞ்சல் முகவரி உள்ளது.
5. பதில் மடல்களைப் படித்து விடையளிக்க ஒருவர் பொறுப்பேற்றுள்ளார்.
6. இத்திட்டத்தைப் பற்றி முன்பே அறியாத ஒருவர், சோதனை மடலைக் கைபேசியில் திறந்து, யாரிடமும் விளக்கம் கேட்காமல் முன்பதிவை முடித்துள்ளார்.

ஆறில் ஒன்று குறைந்தாலும் அனுப்புவதை ஒரு நாள் தள்ளிவைப்பதே நல்லது; தவறான விலையோ திறவாத இணைப்போ சென்றபின் அனுப்பப்படும் திருத்த மடலை, முதல் மடலைப் படித்தவர்கள் எல்லாரும் படிப்பார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.